தெற்கு வாசல் வீடும் தென்கிழக்கு மீன்தொட்டியும்: ஃபெங் சுயி பற்றி ஒரு கேள்வி

கேள்வி (கன்னங்குறிச்சி வாசகி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற தை மாதம் சேலத்தில் மூக்கனேரிக்கு வடக்கே, சேர்வராயன் மலை கொல்லைப்புறத்தில் எழுந்து நிற்கும்படி அமைந்த தெற்குப் பார்த்த வீடு ஒன்றில் குடிபுகுந்தோம். தெற்கு வாசல் ஆகாது என்று என் மாமியாருக்கு அன்றிலிருந்தே மனத்தாங்கல். இதற்கிடையில் சீனரின் வீட்டமைப்புக் கலையான ஃபெங் சுயி தெரிந்த ஆலோசகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கூடத்தின் தென்கிழக்கில் மீன்தொட்டி வைக்க வேண்டும், வாசலும் கொல்லைக் கதவும் நேர்க்கோட்டில் இருப்பதால் நடுவே மரத்தடுப்புப் போட வேண்டும், பீரோக் கண்ணாடி கட்டிலைப் பார்க்கக் கூடாது என்றெல்லாம் சொல்லி, மூங்கில் செடி, காற்றுமணி, சிரிக்கும் புத்தர் என்று ஒரு பட்டியலும் கொடுத்துச் சென்றார். தொட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்றே, "அக்கினி மூலையில் தண்ணீரா?" என்று மாமியார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். வீட்டில் இணக்கம் வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். தொட்டி இப்போது அட்டைப்பெட்டியோடு மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. இவற்றில் எதைக் கொள்வது, எதை விடுவது?

பதில் 1 (அஸ்தம்பட்டி, கட்டடப் பொறியாளர்):

அம்மா, ஃபெங் சுயி என்பதற்குக் காற்றும் நீரும் என்றே பொருள். சீனத்தில் முன்னோரை அடக்கம் செய்ய இடம் பார்ப்பதில் ஊன்றி வளர்ந்த கலை அது. வீட்டுக்கும் அதே கணக்குத்தான். வடக்கே மலை இருந்தால் வாடைக்காற்று மறையும், தெற்கே திறந்திருந்தால் குளிர்கால வெயில் உள்ளே விழும், முன்னால் நீர்நிலை இருந்தால் அவர்கள் 'சீ' என்று சொல்லும் உயிராற்றல் சிதறாமல் தங்கும். பின்னால் மலையும் முன்னால் ஏரியுமாக இருக்கும் உங்கள் தெற்கு வாசல் அந்தக் கணக்கின்படி முதல்தரமானது. இதைச் சொல்லாமல் ஆலோசகர் பொம்மைப் பட்டியலுக்குப் போனதுதான் எனக்கு வியப்பு.

தொட்டி விஷயத்தில் இருவர் சொல்வதும் அவரவர் கணக்கில் சரியே. சீனரின் ஐந்து மூலகங்களான மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகியவற்றில் தென்கிழக்கு மரத்துக்கு உரியது. நீர் மரத்தை வளர்க்கும் என்பதால் அங்கே தொட்டி வைக்கச் சொல்கிறார்கள். நம் மனையடி சாஸ்திரத்தில் அதே மூலை அக்கினிக்கு உரியது. ஆனால் வடக்குத் திசை அவர்களுக்கு நீரின் இடம், நமக்குக் குபேரன் திசை, அங்கே நீர் வைப்பதை இரண்டுமே மறுப்பதில்லை. கூடத்தின் வடக்குச் சுவரோரம் தொட்டியை வைத்துப் பாருங்கள்.

மரத்தடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். நேர்க்கோட்டில் கதவுகள் இருந்தால் உயிராற்றல் தங்காமல் ஓடிவிடும் என்பார்கள். ஆனால் வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரிகிற நம் பழைய வீடுகள் காற்றோட்டத்துக்காகவே அப்படிக் கட்டப்பட்டவை. சேலத்துச் சித்திரை வெயிலில் அந்த வழியை அடைத்தால், மின்விசிறி வெந்த காற்றையே சுற்றிச் சுற்றித் தரும். மெல்லிய பருத்தித் திரை ஒன்று போதும்.

பதில் 2 (ஏற்காடு):

பொறியாளர் ஐயா சொல்வது சமவெளிக்குப் பொருந்தும். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்களுக்கு அதே நேர்க்கோடு தொல்லைதான். மூடுபனி முன்வாசலில் நுழைந்து அடுப்படி வழியாக வெளியேறும், பீரோவுக்குப் பின்னால் சுவர் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் நடையில் ஓர் அலமாரியைக் குறுக்கே வைத்த பிறகுதான் வீடு காய்ந்தது. ஆகவே விதியைவிட ஊரின் காற்றைப் பார்ப்பதே அந்தக் கலைக்கும் நெருக்கமானது என்பது என் எண்ணம்.

காற்றுமணியை நானும் மாட்டினேன். ஆடிக்காற்றில் அது இரவு முழுவதும் அடித்ததில், மூன்றாம் நாள் என் மனைவி அதைக் கழற்றிக் கோழிக்கூண்டில் கட்டிவிட்டார். பீரோக் கண்ணாடி பற்றிய அறிவுரை எனக்கு உடன்பாடு. தூக்கக் கலக்கத்தில் எழுபவர் தன் உருவம் அசைவதையே கண்டு திடுக்கிடுவார். பழைய புடவைத் துண்டு ஒன்றைத் திரையாகப் போட்டால் செலவில்லை. அந்த மூங்கில் உண்மையில் மூங்கிலே அன்று, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட டிரசீனா என்னும் செடி. வாங்கினால் வாரம் ஒருமுறையாவது தண்ணீரை மாற்றுங்கள், இல்லையேல் கொசுதான் வளரும்.

பதில் 3 (அம்மாபேட்டை):

தெரு நேராக வந்து வீட்டு வாசலில் முட்டும் தெருக்குத்து விஷயத்தில் இரண்டு சாஸ்திரமும் ஒன்றுபடுகின்றன. நம்மவர் பிள்ளையாரை வைப்பார்கள், அவர்கள் எண்கோணக் கண்ணாடி மாட்டுவார்கள். நான் கண்ணாடியை மாட்டினேன், "உங்கள் வீட்டுத் தோஷத்தை எங்கள் பக்கம் திருப்புகிறீர்களா?" என்று எதிர்வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் பிள்ளையார் இருக்கிறார், அவர்களும் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. மலையும் ஏரியும் பற்றிய செய்தியை மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "சீனாக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார். வடக்குச் சுவருக்கும் சம்மதித்துவிட்டார். தொட்டியை யார் கழுவுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.