ஆம்புலன்ஸ்ல மோசமான கேஸுக்கும் அடுத்த போன் காலுக்கும் நடுவுல என்ன செய்யணும்?

திருமங்கலம்_இஎம்டி:
108 ஆம்புலன்ஸ்ல இஎம்டியா (அவசர மருத்துவ உதவியாளர்) புதுசா சேர்ந்திருக்கேன். விபத்துல குழந்தை இறந்த மாதிரி கேஸை பெரியாஸ்பத்திரியில ஒப்படைச்சுட்டு வந்தாலும் ஷிஃப்ட் முடிஞ்சிருக்காது. நான்குவழிச்சாலையில எந்நேரமும் அடுத்த கால் வரும். அந்த இடைவெளியில என்ன செய்யணும்? வீட்டுக்குப் போயும் அதே காட்சி கண்ணுல நின்னா எதுவரைக்கும் பொறுக்கலாம்?

மேலூர்_பைலட்:
தம்பி, நான் ஆம்புலன்ஸ் ஓட்டுறவன். வண்டியைக் கழுவுற நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கிற நேரம். குழந்தையைத் தூக்கிட்டு வந்தவரைத் தனியா ரத்தம் துடைக்க விடக்கூடாது, ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்க. கிளவுஸ் போட்டு, ரத்தத்து மேல துணியை விரிச்சு, 1 சதவீத ஹைப்போகுளோரைட்டை (கிருமி கொல்லுற ப்ளீச் மருந்து) ஊத்தி 10 நிமிஷம் விடணும். பாட்டில்ல 5 சதவீதம்னு போட்டிருந்தா ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி. அன்னன்னைக்குக் கலக்குங்க, பழசுக்கு வீரியம் இருக்காது. ஸ்ட்ரெச்சர் பெல்ட்டோட பக்கிள் இடுக்குதான் எல்லாரும் விட்டுடுற இடம். அங்க காஞ்ச ரத்தம் வெயில்ல வண்டி சூடானதும் வாடை அடிக்கும், முந்தின கேஸை அப்படியே கண்ணு முன்னாடி கொண்டுவந்துடும். மருந்து பட்ட உலோகத்தை வெறும் தண்ணியால துடைச்சிடுங்க, இல்லைன்னா அரிச்சிடும். யூனிஃபார்ம் கறைக்குப் பச்சைத் தண்ணிதான், சுடுதண்ணி பட்டா கறை பிடிச்சுக்கும். மாத்துச் சட்டை ஒண்ணு வண்டியிலேயே கிடக்கட்டும்.

மருந்து ஊறுற அந்த 10 நிமிஷம் வண்டியை விட்டு இறங்கி நில்லுங்க. முகம் கழுவி, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்க. விடுற மூச்சு நீண்டா நெஞ்சுத் துடிப்பு இறங்கும். கை நடுங்கினா அது அட்ரினலின் வேலை, கோழைத்தனம் இல்லை.

உசிலை_சீனியர்:
அண்ணன் சொன்னதோட இன்னொண்ணு. விபத்து வீடியோ வாட்ஸ்அப்ல சுத்தும், திறக்கவே திறக்காதீங்க. "இன்னும் சீக்கிரம் போயிருந்தா"ங்கிற நினைப்பு அரிச்சுக்கிட்டே இருந்தா கேஸ் ஷீட்டை எடுத்து, கால் வந்த நேரம், இடத்துக்குச் சேர்ந்த நேரம், அங்க பார்த்த நிலைமை மூணையும் வரிசையா படிங்க. பாதி உறுத்தல் அந்தத் தாள்லயே அடங்கிடும். கூட இருக்கிறவரை "முழுசா சொல்லு"ன்னு உலுக்காதீங்க. எல்லாரையும் உக்காரவச்சுக் கட்டாயமா பேசவைக்கிறது பிடிஎஸ்டியை (கொடூரமான சம்பவத்துக்கு அப்புறம் நீடிக்கிற மனப் பாதிப்பு) தடுக்கிறதில்லைன்னு ஆய்வுகள் காட்டியிருக்கு. அவரா பேசினா குறுக்கிடாம கேளுங்க.

மனநலச்_செவிலி:
முதல் சில நாள் காட்சி திரும்பத் திரும்ப வர்றதும், சத்தத்துக்குத் திடுக்கிடுறதும் பெரும்பாலும் தானா குறையும். ஒரு மாசம் தாண்டியும் குறையலைன்னா, அந்தச் சாலையையே தவிர்க்கத் தோணினா, அது பிடிஎஸ்டியா இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்க. சாகணும்னு எண்ணம் வந்தாலோ வேலையே ஓடலைன்னாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. பெரியாஸ்பத்திரியிலயும் மனநலப் பிரிவு இருக்கு. டாஸ்மாக் பக்கம் போயிடாதீங்க. குடிச்சா சீக்கிரம் தூக்கம் வரும், ஆனா பின்ராத்திரியில கலைஞ்சு கனவு கடுமையாகும். தூக்க மாத்திரையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க. பிடிஎஸ்டிக்குப் பலன் தர்றது, நடந்ததை மையமா வச்சுச் செய்யுற சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் சீராக்குறது), இஎம்டிஆர் (கண்ணை அசைச்சுக்கிட்டே அந்த நினைவைக் கையாளுறது) மாதிரி சிகிச்சைகள்.

திருமங்கலம்_இஎம்டி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. நைட் ஷிஃப்ட் முடிச்சுக் காலையில தூங்குறவங்களுக்கு?

மனநலச்_செவிலி:
ஷிஃப்டோட கடைசி ஆறு மணி நேரம் டீ, காபி வேண்டாம். ஜன்னலுக்குக் கனத்த துணி போடுங்க. படுத்து 20 நிமிஷம் ஆகியும் தூக்கம் வரலைன்னா எழுந்து வேற இடத்துல உக்காருங்க, போனைத் தொடாதீங்க. கண்ணு சொக்கினதும் திரும்பப் படுங்க.