ரத்தசோகை பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், உதவுங்கள்

வணக்கம். நான் நர்சிங் மாணவி. அடுத்த வாரம் கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். பாடம் தெரியும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கிலோ கலோரி, கொழுப்பில் 9 என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியும்படி சொல்வதில்தான் தடுமாறுகிறேன்.

போன வாரம் வார்டில் ஒரு அக்கா இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினார். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுத்தால் நன்றாகச் சேரும் என்றேன். தலையாட்டினார். மறுநாளும் அதே டம்ளர், அதே டீ. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் சொன்னார்: தண்ணீரோடு போட்டால் குமட்டுகிறதாம். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்துப் பயந்து, நடுவில் இரண்டு நாள் மாத்திரையையே நிறுத்தியிருக்கிறார். இந்த மாத்திரை சாப்பிட்டால் அப்படிப் போவது வழக்கம்தான் என்று யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும்தான் சொல்லவில்லை. மனசு கேட்கவே இல்லை.

அதனால் இந்த முறை சார்ட்டை ஒட்டிவிட்டு ஒப்பிக்க விரும்பவில்லை. அனுபவமுள்ள சிஸ்டர்களும் ஆசிரியர்களும் சொல்லுங்கள். பேச்சை எந்தக் கேள்வியோடு தொடங்குவீர்கள்? குமட்டல் உள்ளவர்களுக்கு என்ன யோசனை சொல்வீர்கள்? கேட்டவருக்குப் புரிந்ததா என்பதை, பரீட்சை வைப்பதுபோல் தோன்றாமல் எப்படித் தெரிந்துகொள்வது? படிக்கத் தெரியாதவர்களுக்குக் காட்டும் படங்கள் யாரிடமாவது இருந்தால் பகிருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் தோழிகள் முன்னால் ஒருமுறை பேசிப் பார்த்துவிடுவேன்.