முதன்முறை செல்லும் நகரத்தில் உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும், எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும், ஒன்பது வயது மகனுமாக நால்வர் அடுத்த மாதம் இதுவரை போயிராத ஒரு நகரத்துக்கு மூன்று நாள் பயணம் செல்லவிருக்கிறோம். அந்த ஊரின் மொழி எங்களில் எவருக்கும் தெரியாது. தெரிந்தவர் என்று சொல்லிக்கொள்ளவும் அங்கே யாரும் இல்லை. விடுதியில் காலை உணவு கிடைக்கும் என்பதால், மதியமும் இரவுமாக ஆறு வேளைக்கு நாங்களே உணவகம் தேடிக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு வேறோர் ஊரில், கைப்பேசி வரைபடம் 4.9 நட்சத்திரம் காட்டிய ஓர் இடத்தை நம்பி நாற்பது நிமிடம் வண்டியில் சென்று, ஒரு மணி நேரம் காத்திருந்து, ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டோம். மாமியார் எங்களிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை. இதற்கிடையே மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதும் தெரியவந்திருக்கிறது.

ஆகவே, சிறந்த பத்து உணவகங்களின் பட்டியலை நான் கேட்கவில்லை. எதைப் பார்த்து, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

சகோதரி, நீங்கள் குறிப்பிட்ட 4.9-இலிருந்தே தொடங்குகிறேன். சராசரியைப் பார்க்கும் முன், அதை எத்தனை பேர் சேர்ந்து தந்தார்கள் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் தந்த 4.9-ஐயும் இரண்டாயிரம் பேர் தந்த 4.5-ஐயும் ஒப்பிட எளிய கணக்கு ஒன்று உண்டு: இரண்டு உணவகங்களுக்கும் 4.0 மதிப்புள்ள ஐம்பது கற்பனை வாக்குகளைச் சேர்த்து மறுபடியும் சராசரி எடுத்துப் பாருங்கள். முதலாவது 4.17-க்கு இறங்கிவிடும்; இரண்டாவது 4.49-இல், ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கும். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் உரிமையாளருக்கு வேண்டியவர்களாக இருந்தாலே எண் உயர்ந்துவிடும். இரண்டாயிரம் பேரை அப்படித் திரட்டுவது எளிதன்று.

அடுத்ததாக, மிகவும் மகிழ்ந்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களுமே பெரும்பாலும் எழுத உட்காருகிறார்கள் என்பதால், ஐந்து நட்சத்திரப் புகழுரைகளையும் ஒரு நட்சத்திர வசைகளையும் விட, மூன்று நட்சத்திரம் தந்து எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று நிதானமாக எழுதியவரே நமக்கு உதவுவார். அவற்றையும் புதியவை முதலில் வருமாறு வரிசைப்படுத்திப் படியுங்கள். தலைமைச் சமையற்காரர் மாறிவிட்டால், மூன்றாண்டுக்கு முந்தைய பாராட்டு இன்றைய தட்டைப் பற்றி எதுவுமே சொல்லாது. வண்டி நிறுத்த இடமில்லை என்ற குறையைத் தாண்டிச் செல்லலாம். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் வெவ்வேறு ஆட்கள் வயிற்றுக் கோளாறு என்று எழுதியிருந்தால் அந்த இடத்தை அப்போதே விட்டுவிடுங்கள்.

தொலைவைப் பற்றியும் ஒன்று. மிஷ்லின் டயர் நிறுவனம் 1900-இல் பிரான்சில் வாகன ஓட்டிகளுக்காகத் தொடங்கிய கையேடு 1926-இல் நட்சத்திரம் வழங்க ஆரம்பித்தது. 1931-இல் அது மூன்று படிகளாயிற்று. அதில் ஒரு நட்சத்திரம் தன் வகையில் மிக நல்ல உணவகத்தையும், இரண்டு நட்சத்திரம் வழியை விட்டு விலகிச் செல்லத் தகுந்த இடத்தையும், மூன்று நட்சத்திரம் அதற்கென்றே பயணம் புறப்படத் தகுந்த இடத்தையும் குறிக்கும். எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கான அந்த அளவுகோலை நாமும் வைத்துக்கொள்ளலாம். முதியவரையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு செல்லும் உங்களுக்கு, பதினைந்து நிமிட நடைக்குள் கிடைக்கும் நல்ல உணவகம் நாற்பது நிமிடத்துக்கு அப்பாலுள்ள மிக நல்ல உணவகத்தை விட மேலானது.

பதில் 2

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உணவகச் சமையற்கட்டுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்ட கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் பத்து நிமிடம் நின்று பார்ப்பதால் தெரியவருவது எந்தக் கணக்கிலும் வராது என்பது என் உறுதியான எண்ணம். நான் வேலை செய்த மிகச் சுத்தமான சமையற்கட்டு உள்ள கடை எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை.

சமைத்த உணவு எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் இருந்தது என்பதே எனக்கு முதற்கேள்வி. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும் என்பதால்தான், சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாதென்றும், சமைக்கும்போது உள்பகுதி வரை 70 டிகிரியை எட்ட வேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. வாடிக்கையாளர் கையில் வெப்பமானி இராது; கண் இருக்கிறது. பரிமாறத் திறந்து வைத்திருக்கும் பாத்திரத்தின் உட்புற விளிம்பைக் கவனியுங்கள். உணவு இப்போது இருக்கும் மட்டத்துக்கு நான்கு விரற்கடை மேலே காய்ந்து கறுத்த வளையம் ஒன்று ஒட்டியிருந்து, மேற்பரப்பில் ஏடும் படிந்திருந்தால், அது வெகுநேரமாக அங்கேயே இருக்கிறது என்று பொருள். மூடியைத் தூக்கும்போது ஆவி முகத்தில் அடித்தால் தயங்காமல் உட்காரலாம். மேசையைத் துடைத்த துணியாலேயே தட்டையும் துடைக்கிறார்களா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கூட்டத்தை நான் மதிப்பது சுவைக்காக மட்டுமல்ல. ஆள் வந்துகொண்டே இருக்கும் கடையில் சமைத்தது தேங்குவதில்லை. ஆனாலும் கூட்டத்தில் இரு வகை உண்டு. சுற்றுலா இடத்துக்கு நேர் எதிரே உள்ள கடைக்கு வருபவர் மறுபடி வரப்போவதில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். நீதிமன்றம், மருத்துவமனை, மொத்தச் சந்தை, கல்லூரி ஆகியவற்றின் அருகிலுள்ள கடையோ இன்று ஏமாற்றினால் நாளை ஆளை இழந்துவிடும். பரிமாறுபவர் சிலரிடம் எதுவும் கேட்காமலேயே தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார் என்றால் அங்கே தினமும் வருபவர்கள் இருக்கிறார்கள்.

முதியவருக்காக ஒரு வார்த்தை. அந்த வயதில் கெட்ட உணவு உடலை எளிதில் வீழ்த்திவிடும். ஆகவே சாப்பாட்டு நேரம் தொடங்கி அரை மணிக்குள் செல்லுங்கள். கேட்டபின் சமைத்துத் தருவதையே அவருக்கு வாங்கிக் கொடுங்கள். நறுக்கி வைத்த பச்சைப் பொருள்களைத் தவிர்த்துவிடுங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை அடுக்கியிருக்கும் உணவுப் பட்டியலை நான் நம்புவதில்லை, ஏனெனில் ஒரு சிறிய சமையற்கட்டில் அத்தனையையும் அன்றன்று புதிதாகச் செய்ய ஆள் பலம் இராது.

பதில் 3

யாரைக் கேட்பது என்ற பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். “இங்கே நல்ல உணவகம் எது?” என்று கேட்டால், வெளியூரார் எதை விரும்புவார் என்று அவர் ஊகித்து ஒரு பெயரைச் சொல்வார். “நேற்று நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்? குடும்பத்தோடு போனால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறிவிடும். மருந்துக் கடைக்காரர், எழுதுபொருள் கடைக்காரர், விடுதியில் அறை சுத்தம் செய்பவர் ஆகியோருக்குத் தரகு எதுவும் இல்லை. மொழி தெரியாவிட்டால் வரைபடத்தை விரித்து அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். தொடர்பில்லாத மூவரில் இருவர் ஒரே இடத்தில் விரல் வைத்தால், நான் அதற்குமேல் தேட மாட்டேன்.

ஆறு வேளைக்கும் ஆறு புதிய இடம் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பயணத்தின் தொடக்கத்தில் புதிய இடங்களைச் சோதிப்பதில் பயன் உண்டு, ஏனெனில் கண்டுபிடித்த நல்ல இடத்துக்குத் திரும்பிச் செல்ல இன்னும் நாள்கள் மீதியிருக்கும். கடைசி இரவில் சோதனை செய்து என்ன கிடைக்கும்? முதல் மூன்று வேளைகளைத் தேடலுக்கு ஒதுக்கிவிட்டு, பிடித்துப்போன இடத்துக்கே மீண்டும் செல்லுங்கள். இரண்டாம் முறை போகும்போது கல்லாவில் இருப்பவர் முகம் அடையாளம் கண்டு சிரிப்பார். உங்கள் மாமியாருக்கு என்ன வேண்டும் என்று தாமாகவே கேட்பார். சுற்றுலாவில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சாப்பாடுகள் எல்லாம் அப்படி இரண்டாம் முறை போன இடங்களில் கிடைத்தவையே.

பதில் 4

என் மகளுக்கும் இதே ஒவ்வாமை இருப்பதால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வேகவைத்தாலோ வறுத்தாலோ வேர்க்கடலையின் ஒவ்வாமைத் தன்மை போய்விடாது. சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும். ஆகவே “இதில் வேர்க்கடலை இருக்கிறதா?” என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், அதே எண்ணெயில் வேறு எதைப் பொரிக்கிறார்கள், அதே கரண்டியை வேறு எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். பரிமாறுபவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனால் நான் எழுந்துவிடுவேன். சமைப்பவரிடம் கேட்டு வந்து சொல்பவரையே நம்புவேன். மருத்துவர் எழுதித் தந்த அவசர மருந்து விடுதி அறையில் இருந்து பயனில்லை. அது உங்கள் தோள்பையிலேயே இருக்கட்டும்.

கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பாத்திர விளிம்பைப் பார்க்கலாம் என்பது இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றவே இல்லை. விடுதிக்கு அருகே, ஒரு பொது மருத்துவமனையை ஒட்டி நான்கைந்து உணவகங்கள் இருப்பதை வரைபடத்தில் பார்த்தேன். முதல் நாள் மதியம் அங்கேயே தொடங்குவதாக இருக்கிறோம். ஒவ்வாமையைப் பற்றி அந்த ஊர் மொழியில் எழுதிய அட்டை ஒன்று வேண்டும் என நினைக்கிறேன். கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நம்பலாமா?

பதில் 4

அதை மட்டுமே நம்ப வேண்டாம். மொழிபெயர்ப்பில் வேர்க்கடலை வேறொரு பருப்பாக மாறிவிட்டதை நான் ஒருமுறை கடைசி நேரத்தில்தான் கண்டுபிடித்தேன். அட்டையில் வேர்க்கடலையின் படத்தையும் ஒட்டி, “இது சிறிதளவு பட்டாலும் என் மகனுக்கு மூச்சு அடைக்கும், எண்ணெயிலும் கரண்டியிலும் கூட இருக்கக் கூடாது” என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததும் விடுதி வரவேற்பாளரிடம் அதைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் ஒரு சொல் பிசகினாலும் அவர் கையாலேயே திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் புறப்படுங்கள்.