‘ஸ்டேபிளா இருக்கார்’: ஐசியூ வாசலில் சொன்னதும் கேட்டதும்

ஐசியூ செவிலியர், மதுரை

இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ‘ஸ்டேபிள்’ என்கிற ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. நாங்கள் சொல்லும்போது ‘இப்போதைக்கு மோசமாகவில்லை’ என்று மட்டும்தான் அர்த்தம். வாசலில் நிற்பவர்கள் காதில் விழும்போது வேறு அர்த்தம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

அறுபத்தேழு வயதுப் பெரியவர். தோட்டத்தில் மோட்டார் போடப் போன இடத்தில் விழுந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது. 108 வந்து நெஞ்சை அழுத்த ஆரம்பிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. எப்படியோ இதயத்தை மறுபடி ஓட வைத்தார்கள். எங்களிடம் வந்து சேரும்போது வாயில் டியூப், வென்டிலேட்டர், பிரஷரைத் தூக்கி நிறுத்த இரண்டு மருந்து. நினைவு இல்லை.

ஐந்தாம் நாள் பிரஷர் மருந்தை நிறுத்தினோம். சிறுநீர் நன்றாகப் போனது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு இறங்கியிருந்தது. ரவுண்ட்ஸ் முடித்துப் போகிற அவசரத்தில் டாக்டர் மகளிடம், “ஸ்டேபிளா இருக்கார்” என்றார். பொய் இல்லைதான். ஆனால் அந்தப் பெண் அப்படியே வராந்தாவுக்குப் போய், “அப்பாவுக்குப் பரவாயில்லையாம், தேறிட்டாராம்” என்று ஊருக்கு போன் போட்டாள். பெரியவரின் அம்மா உயிரோடு இருக்கிறார், தொண்ணூறை நெருங்கிய பாட்டி. அன்றைக்குச் சாயந்திரமே மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டாராம்.

அந்த மகள் கையில் எப்போதும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கும். பையனுடைய கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து திருப்பி, தேதி போட்டு, கோடு கிழித்து, கிரியாட்டினின் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு, சுகர் எவ்வளவு என்று எழுதி வைப்பாள். எல்லா எண்ணும் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. மூளைக்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. அவளிடம் யாரும் அதற்கு ஒரு எண்ணைச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் காலை பார்வை நேரத்தில் ஓடி வந்தாள். “சிஸ்டர், அப்பா என் விரலைப் பிடிச்சாரு! கண்ணைக்கூடத் திறந்தாரு!”

இதற்கு முன்பெல்லாம் நான், “நல்லதுதான்மா, சாமியைக் கும்பிட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது. அன்றைக்கு நகரவில்லை. “வீட்டுல கைக்குழந்தை இருக்காம்மா?” என்று கேட்டேன். தங்கைக்கு இரண்டு மாதக் குழந்தை இருக்கிறது என்றாள். “அதோட உள்ளங்கையில விரலை வச்சா கெட்டியாப் பிடிக்கும்ல? நம்மளைத் தெரிஞ்சா பிடிக்குது? அப்பாவோட கை இப்ப அந்த மாதிரிதான் பிடிக்குதுன்னு எனக்குத் தோணுது. கண்ணும் திறக்குது, ஆனா யாரையும் பார்க்கலை. நான் கூப்பிட்டா என் பக்கம் திரும்பலை. நீங்க கூப்பிட்டப்ப திரும்பினாரா?”

ரொம்ப நேரம் அவள் வாயே திறக்கவில்லை. அப்புறம், “நீங்க சொன்ன பிறகுதான் யோசிக்கிறேன், திரும்பலை” என்றாள்.

டாக்டரிடம் போய், இந்தக் குடும்பத்துக்கு இன்னும் புரியவில்லை, இன்றைக்கு உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று சொன்னேன். மாலை ஐந்து மணிக்கு, மருந்து அலமாரி இருக்கும் சின்ன அறையில் நான்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். இதயம் நின்றபோது மூளைக்கு எவ்வளவு நேரம் ரத்தம் போகவில்லை, மூன்று நாள் முழுதாக ஏன் காத்திருந்தோம், மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் என்ன வரவில்லை, ஸ்கேனிலும், மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இஇஜியிலும் என்ன தெரிந்தது என்றெல்லாம் சொல்லிவிட்டு டாக்டர் கடைசியாக, “உயிர் தங்கினாலும், உங்க யாரையும் அடையாளம் தெரிஞ்சு பேசுற நிலைமைக்கு அவர் வருவார்னு நான் நினைக்கலைம்மா” என்றார். அவள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி அந்த வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன், டியூட்டிக்கு நேரமாகிறது.

ஒரு மகன், தஞ்சாவூர்

படித்ததும் என் அப்பா நினைவு வந்துவிட்டது. எங்களுக்கு அந்தச் சின்ன அறை கிடைக்கவில்லை. மருத்துவமனை பெயர் வேண்டாம்.

இருபத்துமூன்று நாள். கிட்னி டாக்டர் வருவார், “கிட்னி பரவாயில்லை, டயாலிசிஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்” என்பார். நெஞ்சு டாக்டர் வருவார், “ஆக்சிஜன் கொஞ்சம் குறைச்சிருக்கோம்” என்பார். ஹார்ட் டாக்டர், “எக்கோ நார்மல்” என்பார். ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்தால் அப்பா தேறிக்கொண்டே இருந்தார். முழு ஆளாக அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. கேட்டால், “இன்னும் 48 மணி நேரம் போகட்டும்.” அந்த 48 மணி நேரம் எத்தனை தடவை வந்தது என்று எண்ணவில்லை. நடுவில் அம்மாவின் நகை போனது, வயல் அடமானம் போனது. அது போகட்டும், திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

இருபத்தொன்றாம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். கீழே பாய் விரித்துப் படுத்திருந்தவனை எழுப்பி ஏதோ கையெழுத்து கேட்டார்கள். நைட் டியூட்டியில் ஒரு இளம் பெண் டாக்டர். என் தங்கை வயதுதான் இருக்கும். பேனாவை நீட்டியவர் திரும்ப வாங்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். “அண்ணா, உங்ககிட்ட யாராச்சும் நேரா சொன்னாங்களா? உங்க அப்பா இறந்துக்கிட்டு இருக்கார். நாங்க செய்யிறது எதுவும் அதை மாத்தப்போறதில்லை. கொஞ்சம் தள்ளிப்போடுது, அவ்வளவுதான்.”

அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. விடிந்தபோது அந்த ஒருவர் சொன்னதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவை ஊரிலிருந்து வரவழைத்தேன். துபாயில் இருந்த தம்பி டிக்கெட் போட்டான். அம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒன்றரை நாள் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் இருபத்தொரு நாளும் அம்மாவை, “நல்லாயிடும், நீ வீட்டுல இரு” என்று வீட்டிலேயே வைத்திருந்தவன் நான்தான். எனக்கே தெரியாதபோது அவரிடம் வேறு என்ன சொல்லியிருப்பேன்?

ஒரு மனைவி, கோயம்புத்தூர்

என் கதை தலைகீழ். என் கணவருக்கு கில்லன் பாரே என்கிற நரம்பு நோய். காலில் மரமரப்பு என்றவர் நான்கே நாளில் வென்டிலேட்டரில். கை கால் அசையாது, கண் இமைகூடச் சரியாகத் தூக்க முடியாது. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே முகத்தோடு வெளியே போவார்கள். ஒருவர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே, “இது இனிமே தேறுற கேஸ் இல்லை” என்றார்.

நரம்பியல் டாக்டர் மட்டும் என்னிடம் தெளிவாகச் சொன்னார்: “பார்க்கிறதுக்குத்தான் இப்படி இருக்கார். இந்த நோயில பெரும்பாலானவங்க மறுபடி நடக்கிறாங்க. ஆனா நாள் கணக்கு இல்லம்மா, மாசக் கணக்கு. உள்ளே அவருக்கு முழு நினைவு இருக்கு, எல்லாம் கேட்குது. அவர்கிட்ட பேசுங்க.” தினமும் தினத்தந்தி வாசித்துக் காட்டினேன். கழுத்தில் ஓட்டை போட்டு, நாற்பத்தொரு நாள் மெஷினில் இருந்தார். இன்று வண்டி ஓட்டுகிறார். அந்த உறவினர் சொன்னதை, பேச்சு வந்த பிறகு வார்த்தை மாறாமல் என்னிடம் திருப்பிச் சொன்னார்.

அதனால்தான் எழுதுகிறேன். கெட்ட செய்தியை நேராகச் சொல்வது போலவே, பார்க்க பயங்கரமாக இருக்கும்போது இது தேறும் என்று சொல்லவும் ஒருவர் வேண்டும்.

தீவிரச் சிகிச்சை மருத்துவர், சென்னை

தஞ்சாவூர் நண்பருக்கு: உறுப்பு உறுப்பாகப் பேசுவது எங்கள் தவறுதான். ஒப்புக்கொள்கிறேன். அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

நான் மாற்றிக்கொண்டது முதலில் ஒன்றுதான். போய் உட்கார்ந்ததும் நான் பேசுவதில்லை. “இதுவரைக்கும் உங்களுக்கு என்ன சொன்னாங்க, நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். வந்து விழும் பதில்கள் தூக்கிவாரிப் போடும். நினைவு எந்த அளவு இருக்கிறது என்பதற்கான ஜிசிஎஸ் மதிப்பெண் மூன்று என்று யாரோ சொல்லியிருப்பார்கள். “பதினைஞ்சுக்கு மூணு மார்க் இருக்குல்ல டாக்டர், இருபது சதவீதம்” என்பார்கள். 1974இல் கிளாஸ்கோவில் உருவான அந்த அளவுகோல் மூன்றில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே எண்ணே இல்லை. எந்த அசைவும் இல்லாதவருக்கும் மூன்றுதான். இதை விளக்காமல் எண்ணை மட்டும் சொன்னால் அது அவர்களுக்கு ஏமாற்றுதான்.

சதவீதமும் அப்படித்தான். பத்துப் பேரில் ஒருவர்தான் பிழைப்பார் என்றால், அந்த ஒருவர் எங்கப்பாதான் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கும். நினைக்கத்தானே செய்வார்கள்? நோயின் தீவிரத்தைக் கணக்கிடும் சோஃபா (SOFA), அப்பாச்சி (APACHE) போன்ற மதிப்பெண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். இந்தக் கட்டிலில் இருப்பவரைப் பற்றிச் சொல்லாது. அதனால் மூன்று காட்சியாகச் சொல்கிறேன்: எல்லாம் நல்லபடியாகப் போனால் எப்படி இருப்பார், மோசமாகப் போனால் எப்படி, எது நடக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்லபடியாகப் போனால் என்பதிலேயே “படுக்கையில் இருப்பார், டியூப் வழியாகத்தான் சாப்பாடு” என்று வந்தால், குடும்பம் அங்கேயே நின்றுவிடும்.

தெளிவில்லாத நோயாளிக்கு நாள் குறித்துக்கொள்வோம். “ஐந்து நாள் எல்லாம் செய்வோம். பிரஷர் மருந்து குறைகிறதா, சிறுநீர் வருகிறதா, நினைவு திரும்புகிறதா என்று பார்ப்போம். ஆறாம் நாள் காலை பதினொரு மணிக்கு இதே இடத்தில் உட்காருவோம்.” அந்த ஆறாம் நாள் நான் கட்டாயம் உட்கார வேண்டும். இல்லையென்றால் அது இன்னொரு ‘48 மணி நேரம்’ ஆகிவிடும்.

பிரான்சில் 22 ஐசியூக்களில், இறந்துகொண்டிருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களோடு நடந்த ஒரு ஆய்வு 2007இல் வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான சந்திப்பு. மீதிப் பேருக்குத் திட்டமிட்ட சந்திப்பு, ஒரு சிறு கையேடு. வழக்கமான சந்திப்பு 20 நிமிடம், திட்டமிட்டது 30 நிமிடம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: குடும்பத்தார் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாகியிருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த நாட்களின் அதிர்ச்சி விலகாமல் தவித்தவர்கள் 69 சதவீதத்துக்குப் பதில் 45 சதவீதம். பத்து நிமிடம்தான் கூடுதல். எங்களுக்கு நேரமில்லை என்று சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

“என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க” என்று மகன் தலையில் கட்டுவது கொடுமை. அப்பனைக் கொன்றவன் என்ற பாரத்தை வாழ்நாளுக்கும் சுமப்பான். நான் கேட்பது, “அவரே எழுந்து உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தால் என்ன சொல்வார்?” ஒரு வீட்டில் இதைக் கேட்டதும் மூன்று பிள்ளைகளும் ஒரே நேரத்தில், “ஒருத்தர் கையை எதிர்பார்க்காம போயிடணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு” என்றார்கள். பிறகு நான் என் பரிந்துரையைச் சொல்வேன். அது என் வேலை.

சட்டத்தைப் பற்றிப் பலருக்குப் பயம். பயனில்லாத உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. முன்கூட்டியே விருப்பத்தை எழுதி வைப்பவர் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். எழுதி வைக்காதவருக்கும் குடும்பத்தின் ஒப்புதலோடு, மூன்று மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் பார்த்து முடிவெடுக்க வழி இருக்கிறது.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்

மூளைச்சாவு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. மெஷின் மூச்சு கொடுக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. “செத்துட்டான்னு எப்படிச் சொல்றீங்க?” என்று ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார். நான்கு டாக்டர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிப்பார்கள் என்று சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. இரண்டாவது சோதனையில், மெஷினை எடுத்துவிட்டுச் சொந்த மூச்சு வருகிறதா என்று பார்க்கும்போது, டாக்டரிடம் கேட்டு அவரைப் பக்கத்தில் நிற்க வைத்தோம். அந்த அம்மா மகனுடைய நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அசையவில்லை. அப்புறம்தான் அழுதார்.

உறுப்பு தானம் பற்றி அதுவரை ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. சாவு புரியாத வீட்டில் தானம் கேட்பது எனக்கு அநியாயமாகப் படும். அன்று மாலை அவரே, “ஏதோ கொடுக்கலாம்னு சொல்வாங்களே” என்று தொடங்கினார்.

நர்சிங் மாணவி

மதுரை அக்கா, டாக்டர் சொல்லாததை நாம் சொல்லலாமா? எங்களை, “டாக்டர்கிட்ட கேளுங்க” என்று மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐசியூ செவிலியர், மதுரை

பிழைப்பாரா மாட்டாரா என்று நீ சொல்ல வேண்டாம், தங்கச்சி. நீ கண்ணால் பார்ப்பதைச் சொல்லலாம்: கூப்பிட்டால் திரும்பவில்லை, நேற்றைவிட ஆக்சிஜன் கூடியிருக்கிறது. அவர்கள் என்ன புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அதை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர். உட்கார வை. நீயும் கூட உட்கார். டாக்டர் எழுந்து போன பிறகு, “அவர் சொன்னது என்ன சிஸ்டர்?” என்று உன்னிடம்தான் கேட்பார்கள்.

அந்தப் பெரியவரைப் பற்றி மீதி. குடும்பம் இரண்டு நாள் யோசித்தது. கழுத்தில் ஓட்டை போட வேண்டாம், இதயம் நின்றால் மறுபடி அழுத்த வேண்டாம் என்றார்கள். ஒன்பதாம் நாள் பாட்டியை ஆட்டோவில் கூட்டி வந்தார்கள். பால் ஊற்ற வேண்டும் என்றார். வாயில் டியூப் இருந்ததால் பஞ்சில் நனைத்துக் கொடுத்தேன். உதட்டோரத்தில், நாக்கில் படுகிற அளவுக்கு வைத்தார்.

மகள் வழக்கம்போல் அவர் உள்ளங்கையில் விரலை வைத்தாள். கை மூடிக்கொண்டது. என்னை நிமிர்ந்து பார்த்து, “தெரியும் சிஸ்டர். தெரிஞ்சுதான் வைக்கிறேன்” என்றாள்.

நோட்டை அன்றைக்கு அவள் கொண்டுவரவில்லை.