ஜெர்மனில் 'அல்ட்' எப்போது, 'எல்ட்டர்' எப்போது? தலை சுற்றுகிறது

பர்கூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் நர்சிங் முடித்து ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் பர்கூர். ஜெர்மனி போகலாம் என்று ஒன்றரை வருஷமாக ஜெர்மன் படிக்கிறேன். வகுப்பு ஆன்லைனில், அதுவும் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான். பி1 பரீட்சையைப் பெங்களூரு மாக்ஸ் முல்லர் பவனில் எழுதப் போகிறேன்.

போன வாரம் பேச்சுப் பயிற்சியில் ஒரு போட்டோ காட்டினார்கள். பார்க் பெஞ்சில் நரைத்த தலையோடு ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் 'ஐனெ அல்ட்டெ ஃப்ராவ்' (ஒரு வயசான பெண்) என்றேன். இலக்கணம் சரி, ஆனால் அப்படிச் சொல்லாதே, 'ஐனெ எல்ட்டரெ டாமெ' என்று சொல், அதுதான் மரியாதை என்று மிஸ் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

எனக்கு அங்கேயே மண்டை காய்ந்துவிட்டது. அல்ட் என்றால் வயசான, எல்ட்டர் என்றால் அதைவிட வயசான, அம் எல்ட்டஸ்டன் என்றால் எல்லோரையும்விட வயசான. இப்படித்தானே முதலில் சொல்லிக் கொடுத்தார்கள்? வயசானவரை 'இன்னும் வயசானவர்' என்று சொல்வது எப்படி மரியாதை ஆகும்?

இன்னொன்று, இந்த வால்கள். அல்ட்டெ, அல்ட்டர், அல்ட்டஸ், அல்ட்டன், அல்ட்டம். அட்டவணையை மனப்பாடம் பண்ணினேன், பேசும்போது ஒன்றும் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. எழுதும்போதாவது யோசித்துப் போடலாம், நேரில் ஒரு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது அட்டவணையையா தேடுவது? நீங்கள் எல்லாம் எப்படிப் பழகினீர்கள்?

பாலக்கோட்டான்

வணக்கம் தங்கச்சி. நான் பாலக்கோடு, இப்போது ஜெர்மனியில் ட்யூசல்டோர்ஃபில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. உன் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், வால் விஷயத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும், எனக்கே இன்னும் தடுக்கும்.

எல்ட்டர் என்பது எப்போதும் 'அதைவிட' இல்லை. 'யாரைவிட' என்று பக்கத்தில் ஆள் இருந்தால்தான் ஒப்பீடு. என் அண்ணன் என்னைவிட மூத்தவன் என்றால் 'எல்ட்டர் அல்ஸ் இஷ்'. பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக 'ஐனெ எல்ட்டரெ டாமெ' என்றால் அது 'கொஞ்சம் வயசான அம்மா', அவ்வளவுதான். ஒப்பிடுவது அல்ட்டோடு இல்லை, இளமையோடு. இளசு இல்லை, கொஞ்சம் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். அதனால் வேடிக்கை என்னவென்றால் எல்ட்டரெ டாமெ, அல்ட்டெ டாமெயைவிட வயசில் சின்னவர்! அறுபது அறுபத்தைந்து வயதுக்காரரை எல்ட்டரெ என்பார்கள், தொண்ணூறு ஆனவர்தான் அல்ட்டெ. இதே மாதிரி 'லெங்கரெ ட்ஸைட்' என்பதும் 'லாங்கெ ட்ஸைட்'டைவிடக் குறைவான நேரம்தான்.

நம் ஊரில் 'கிழவி' என்று சொல்வோமா? 'வயசானவங்க', 'பெரியவங்க' என்போம். அதே வேலையைத்தான் அவர்கள் அந்த 'எர்' ஒலியை வைத்துப் பண்ணுகிறார்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றி அடுத்த ஷிப்ட்டிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அதற்கு யூபர்காபெ என்று பேர். ஏழாம் நம்பர் ரூம் அம்மா சாப்பிடவில்லை என்று சொல்ல வந்தேன், ஃப்ராவ் என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு 'டி அல்ட்டெ' என்று முடித்துவிட்டேன். ரூமே அமைதி. பெயர்ச்சொல் இல்லாமல் வெறும் டி அல்ட்டெ என்றால் அப்பட்டமாகக் 'கிழவி' என்று சொன்ன மாதிரி. பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே யாரும் அல்ட்டும் இல்லை எல்ட்டரும் இல்லை, எல்லோரும் ஃப்ராவ் இன்னார், ஹெர் இன்னார் (திருமதி இன்னார், திரு இன்னார்) என்றார். குடும்பப் பெயரைச் சொல்லத்தான் பழக வேண்டும். பொதுவாகச் சொல்லவேண்டும் என்றால் 'பெவோனரின்', அதாவது இங்கே குடியிருப்பவர். பரீட்சைக்கு எல்ட்டரெ டாமெ, வேலைக்கு வந்தால் பெயர். இதை எழுதி வைத்துக்கொள்.

ஆண்பாலில் 'டேர் அல்ட்டெ' அவ்வளவு மோசமில்லை, நம் ஊர் 'பெருசு' மாதிரி, சொல்கிற ஆளையும் தொனியையும் பொறுத்தது. மேற்கு ஜெர்மனியின் முதல் சான்சலர் அடனாவரையே அப்படித்தான் சொல்வார்கள். 1949-இல் பதவிக்கு வரும்போதே அவருக்கு 73 வயசு, 1963-இல் இறங்கும்போது 87. பெருசு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது!

தகடூர் ஐயா

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், தருமபுரி. பேத்தி அங்கே பிறந்தவள், அவளோடு பேசத்தான் இந்த வயதில் ஜெர்மன். எனக்கு 67, நான் அல்ட்டா எல்ட்டரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அம்மா பர்கூர், வால் பற்றிக் கேட்டாய். அட்டவணையைக் கொஞ்சம் மூடி வை. நம் மொழியில் என்ன நடக்கிறது என்று பார். நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு, நல்ல மாடுகள். பெயருக்கு முன்னால் வந்தால் 'நல்ல' அசையவே அசையாது. பையனுக்கு, வீட்டில் என்று எந்த வேற்றுமை வந்தாலும் அதே நல்லதான். ஆனால் வாக்கியத்தின் கடைசிக்கு அனுப்பிப் பார்: பையன் நல்லவன், பெண் நல்லவள், வீடு நல்லது, அவர்கள் நல்லவர்கள். வால் முளைத்துவிட்டது. முன்னால் நின்றால் பெயரெச்சம், பின்னால் போனால் குறிப்பு வினைமுற்று என்று வகுப்பில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜெர்மன் அப்படியே தலைகீழ். டேர் மன் இஸ்ட் அல்ட், டி ஃப்ராவ் இஸ்ட் அல்ட், டாஸ் ஹவுஸ் இஸ்ட் அல்ட் (ஆள் வயசானவன், பெண் வயசானவள், வீடு பழையது). பின்னால் போனால் மொட்டை. முன்னால் வந்தால்தான் வால்: ஐன் அல்ட்டர் மன், ஐனெ அல்ட்டெ ஃப்ராவ், ஐன் அல்ட்டஸ் ஹவுஸ். பெயருக்கு முன்னால் வரும் சொல்லை மாற்றும் பழக்கமே நம் நாக்குக்குக் கிடையாது, அதனால்தான் உனக்கு வாய்க்கு வரவில்லை. மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை.

சரி, எந்த வால்? பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்து ஏறினால் டிக்கெட் இரண்டையும் ஒருவர் வைத்திருந்தால் போதும் இல்லையா, செக்கர் வந்தால் அவர் காட்டுவார், இன்னொருவர் சும்மா ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். டேர், டாஸ், டேம் (ஆங்கில 'the' மாதிரிப் பெயருக்கு முன்னால் வருபவை) எல்லாம் டிக்கெட் வைத்திருக்கிற ஆள். ஆணா பெண்ணா, எந்த வேற்றுமை என்பதை அதுவே காட்டிவிடும், அல்ட் சும்மா எ-யோ அன்-னோ போட்டுக்கொண்டு உட்காரலாம். 'ஐன் மன்', 'ஐன் ஹவுஸ்' என்று வரும்போது அந்த ஐன் ('ஒரு') கையில் டிக்கெட் இல்லை, ஆண்பாலா அஃறிணை மாதிரி இருக்கும் மூன்றாம் பாலா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அப்போது அல்ட்தான் காட்ட வேண்டும், அதனால் அல்ட்டர், அல்ட்டஸ். முன்னால் யாருமே இல்லை என்றால் முழுப் பொறுப்பும் அல்ட் தலையில்: அல்ட்டஸ் ப்ரோட் (பழைய ரொட்டி), மிட் அல்ட்டம் ப்ரோட் (பழைய ரொட்டியோடு).

முன்னால் டிக்கெட் ஆள் இருக்கும்போது எ எப்போது, அன் எப்போது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒருமையில் எழுவாயாக வந்தால் மூன்று பாலுக்கும் எ. செயப்படுபொருளாக வந்தால் பெண்பாலுக்கும் மூன்றாம் பாலுக்கும் எ. இந்த ஐந்து இடம் தவிர மற்ற எல்லாமே அன். பன்மை முழுக்க அன். சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு அன் போடு, பாதிக்குமேல் சரியாக இருக்கும்.

எங்கள் ஊர்க் கதையிலேயே பழகு. அதியமான் கிப்ட் டேர் அல்ட்டன் டிஷ்டரின் ஐனெ ஃப்ருஹ்ட். அதியமான் வயதான புலவருக்கு ஒரு கனி கொடுக்கிறான். (சங்க கால ஔவை பாட்டி இல்லை, பாட்டி வடிவம் பின்னால் வந்தது என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள், தெரியும், இது இலக்கண உதாரணம்.)

ஓசூர் லேத்

ஐயா டிக்கெட் உதாரணம் சூப்பர். எனக்குத் தெரிந்த அல்ட் ஒன்றே ஒன்றுதான். எங்கள் கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்த ஜெர்மன் பையன் போனில் யாரோடோ பேசும்போது வரிக்கு வரி 'ஆல்டா, ஆல்டா' என்றான், தாத்தாவோடு பேசுகிறான் போல என்று நினைத்தேன். கேட்டால் கூட்டாளியாம். அல்ட்டர் என்பதைத்தான் அப்படி இழுக்கிறார்கள். நம் 'மச்சி', 'டேய்' அதுதான். நர்ஸ் அக்கா இதை ஆஸ்பத்திரியில் சொல்லிவிடாதீர்கள்.

பர்கூர்க்காரி

ஐயா, கோடி நன்றி. நல்ல, நல்லவன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன், பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, 'டேர் அல்ட்டன் டிஷ்டரின்' என்று போட்டிருக்கிறீர்கள். டேர் ஆண்பால்தானே, புலவர் பெண் ஆச்சே? இரண்டாவது, கேட்டு எழுதும்போது அல்ட்டன், அல்ட்டம் இரண்டும் எனக்கு ஒரே மாதிரி கேட்கிறது. காது டாக்டரைப் பார்க்கணுமா?

பாலக்கோட்டு அண்ணா, உங்களுக்கு ஒன்று. 'காலையில் என்ன சாப்பிடுவாய்' என்ற பயிற்சிக்கு நான் 'இஷ் எஸ்ஸெ அல்ட்டன் ரைஸ்' என்று எழுதினேன். பழைய சோறு. மிஸ் கேள்விக்குறி போட்டு அனுப்பிவிட்டார்.

தகடூர் ஐயா

டேர் ஆண்பால் என்பது எழுவாயில்தான். 'கு' வேற்றுமைக்கு வந்தால் பெண்பாலின் டி, டேர் ஆகிவிடும். கட்சி மாறின மாதிரி. ஆண்பாலும் மூன்றாம் பாலும் டேம். உன் வேலைக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் உதவுவது என்ற ஹெல்ஃபன் இந்த 'கு'வைத்தான் கேட்கும். தமிழிலும் அப்படித்தானே, 'அம்மாவை உதவினேன்' என்றா சொல்கிறோம், 'அம்மாவுக்கு உதவினேன்'. ஆங்கிலம் வழியாக யோசித்தால் தப்பாகப் போகும், தமிழ் வழியாக யோசி: இஷ் ஹெல்ஃபெ டேர் அல்ட்டன் ஃப்ராவ்.

காதில் கோளாறு இல்லை. பேசும்போது நாம் 'மரம்' என்பதன் கடைசி மகரத்தை முழுதாகச் சொல்கிறோமா? உதடு மூடாமலே மூக்கால் முடித்துவிடுகிறோம். 'அவன்' என்பதிலும் கடைசி ன் மூக்கோடு போய்விடும். கடைசி ம், ன் இரண்டையும் விழுங்கியே பழகிய காதுக்கு அந்த இடத்தில் வித்தியாசம் தேடவே தோன்றாது. பேத்தி என்னிடம் 'தாத்தா, உதட்டைப் பாருங்கள்' என்பாள். ம் என்றால் உதடு ஒட்டும், ன் என்றால் ஒட்டாது. கண்ணாடி முன்னால் நின்று அல்ட்டன், அல்ட்டம் என்று ஐம்பது தடவை சொல், வாய் பழகினால் காதும் பழகும். பேச்சுவழக்கில் அவர்கள் அந்த அன்-ஐ இன்னும் நசுக்கி 'அல்ட்ன்' என்பார்கள், அதற்கும் தயாராக இரு.

பாலக்கோட்டான்

அய்யோ, அல்ட்டன் ரைஸ்! இலக்கணம் பத்துக்குப் பத்து, ஆனால் மிஸ் நீ கெட்டுப்போன சோறு சாப்பிடுகிறாய் என்று நினைத்திருப்பார். சாப்பாட்டோடு அல்ட் சேர்ந்தால் ஊசிப்போனது, காய்ந்துபோனது என்கிற வாடை வந்துவிடும். 'ரைஸ் ஃபோன் கெஸ்டர்ன்', நேற்றைய சோறு என்று சொல். இங்கே பேக்கரியில் மிச்சமான ரொட்டியைக்கூட 'ஃபோம் ஃபோர்டாக்', முந்தின நாளுடையது என்று எழுதி விலை குறைத்து விற்பார்கள். அல்ட் என்று எழுதி வைத்தால் யார் வாங்குவார்கள்? வெங்காயம், மோர் மிளகாய் எல்லாம் சேர்த்து விளக்கு, பரீட்சையில் பேச விஷயம் கிடைக்கும்.

ஆனால் இதே ட்யூசல்டோர்ஃபில் அல்ட் என்று பேர் வைத்த பீர்தான் ஊர்ப் பெருமை. பழைய பீர் இல்லை, பழைய முறையில் காய்ச்சுவது.

இன்னொரு இடத்தில் நம் 'பழைய' அப்படியே பொருந்தும். 'மைனெ அல்ட்டெ ஷூலெ' என்றால் நான் முன்பு படித்த பள்ளி, கட்டடம் புதுசாகவே இருக்கலாம். 'மைன் அல்ட்டர் லேரர்' என்றால் நம் பழைய வாத்தியார். ஆனால் வயசான வாத்தியார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அதனால் ஐயாவைப் பற்றிச் சொல்லும்போது பார்த்துச் சொல்.

தகடூர் ஐயா

எனக்கு இரண்டும் பொருந்தும், ஆட்சேபணை இல்லை. போகிற போக்கில் ஒன்று: தாய் தந்தையைக் குறிக்கும் 'எல்ட்டர்ன்' என்ற சொல்லே இந்த எல்ட்டரிலிருந்து பிறந்ததுதான். மூத்தவர்கள்.

பர்கூர்க்காரி

அண்ணா, ஐயா, இன்று டியூட்டியில் உட்கார்ந்து நானே எழுதினேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்:

இஷ் ஃபாரெ மிட் டேம் அல்ட்டன் புஸ் நாஹ் ஓசூர். டோர்ட் ஹெல்ஃபெ இஷ் ஐனம் எல்ட்டரன் மன். (பழைய பஸ்ஸில் ஓசூர் போகிறேன். அங்கே ஒரு பெரியவருக்கு உதவுகிறேன்.)

தகடூர் ஐயா

தப்பே இல்லை. டேம் கையில் டிக்கெட், ஐனம் கையிலும் டிக்கெட், அதனால் இரண்டு இடத்திலும் அன். இப்போது அதையே உதட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொல். டேம், ஐனம் இரண்டுக்கும் உதடு ஒட்ட வேண்டும்.

பர்கூர்க்காரி

சொல்லிப் பார்த்தேன் ஐயா. எதிர் பெட்டில் இருக்கிற தாத்தா, 'யாருக்கும்மா மந்திரம் சொல்ற' என்று கேட்கிறார்.