எஃப்.ஐ.எஸ். பிளைட் லைனில் பார்த்தவை

விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடல் பாகங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்காக, நான் வேலை பார்த்த இடங்களிலேயே வினோதமானது தாம்பரம் எஃப்.ஐ.எஸ். (ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல்)தான். விமானம் ஓட்டச் சொல்லித்தருபவர்களை உருவாக்கும் பள்ளி அது. ஏறி உட்காரும் இருவருமே தேறிய விமானிகள். அதில் சீனியராக இருப்பவர் ஒன்றும் தெரியாத கேடட், அதாவது புதிதாகப் பறக்கக் கற்கும் மாணவர், மாதிரி நடிப்பார், பயிற்சிக்கு வந்தவர் அவருக்குப் பாடம் எடுப்பார்.

நான் இருந்த காலத்தில் கிரண் விமானம். பக்கத்துப் பக்கத்து சீட். வழக்கமாக கேடட் உட்காரும் இடது சீட்டில் சீனியர் உட்காருவார். ஒருநாள் ஒரு ஸ்குவாட்ரன் லீடருக்கு ஸ்ட்ராப் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். எஜெக்‌ஷன் சீட்டின் சேஃப்டி பின்னை, அதாவது ஆபத்தில் விமானியை வெளியே வீசும் அந்த சீட்டைப் பூட்டி வைக்கும் ஊசியை, எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் காட்டினார். பேசாமல் இரு என்று அர்த்தம். பயிற்சிக்கு வந்தவரோ, சொல்லப்போகிற வசனத்தை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தபடி இருந்தார். விமானம் தரையில் உருண்டு கிளம்பும் முன்பு கடைசிப் பார்வையில்தான் அது அவர் கண்ணில் பட்டது. சீனியர் அப்போதும் அப்பாவி முகத்தோடு, "இதையும் எடுக்கணுமா சார்?" என்றார். சிரிப்பை அடக்க நான் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அந்த வசனத்துக்கு அங்கே பேட்டர் என்று பெயர். கை ஓட்டிக்கொண்டிருக்க, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று வாய் அதே நொடியில் சொல்லவேண்டும். இந்த முறைக்கு வேர் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் இருக்கிறது. முதல் உலகப் போர் சமயத்தில் ஒரு பயிற்சி ஸ்குவாட்ரனின் பொறுப்பை ஏற்ற ராபர்ட் ஸ்மித்-பாரி, ஆவ்ரோ 504 விமானத்தில் இருவருக்கும் கன்ட்ரோல் வைத்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே பேசும் குழாய் போட்டு, ஸ்பின்னுக்கு (விமானம் சுழன்றபடி கீழே விழுவது) பயந்து ஒதுங்காமல் அதில் நுழைந்து வெளிவரவும் கற்றுக்கொடுத்தார். குழாய் போய் இன்டர்காம் வந்துவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் பள்ளி 1948-இல் அம்பாலாவில் தொடங்கி, 1954-இல் தாம்பரத்துக்கு வந்தது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை விமானிகளும், நட்பு நாடுகளின் அதிகாரிகளும் இங்கே வருவார்கள். ஹெச்டி-2 காலத்து ஆட்கள் அந்த விமானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள். பின்னால் வந்த தீபக் பயிற்சி விமானத்தை அப்படிப் புகழ்ந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை. நடுவானில் இன்ஜின் நின்றுபோகும் தொல்லை அதற்குத் தீரவே இல்லை. 2009-இல் நடந்த விபத்தில் பயிற்றுநர்கள் இருவர் இறந்தபிறகுதான் அதை நிறுத்தினார்கள். அவ்வளவு தாமதித்திருக்கக் கூடாது என்பது என் அபிப்ராயம். 2013-இல் பிலாட்டஸ் பயிற்சி விமானம் வரும்வரை ஆரம்பப் பயிற்சியையும் கிரண்தான் சுமந்தது. 1964-இல் முதலில் பறந்த விமானம்!

சாயங்காலம் மெஸ் பக்கம் போனால் வேடிக்கையாக இருக்கும். மரத்தடியில் ஒரு ஃப்ளைட் லெஃப்டினன்ட் வலது கையில் இல்லாத கன்ட்ரோல் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் இன்ஜினை முடுக்கும், இல்லாத த்ராட்டிலைத் தள்ளியபடி தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பார். ஸ்டிக்கைச் சாய்க்கும்போது தலையும் சேர்ந்து சாயும். சேலையூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் சிவிலியன்கள் புதிதில் பயந்துபோவார்கள், அப்புறம் பழகிவிடும்.

இந்தப் பேச்சு எங்களையும் தொற்றிக்கொண்டது. கன்ட்ரோலை ஒருவர் விட்டு மற்றவர் வாங்கும்போது வாய்விட்டுச் சொல்லவேண்டும், வாங்குபவரும் திருப்பிச் சொல்லவேண்டும், அதுவரை கையை எடுக்கக்கூடாது. எங்கள் கார்ப்பரல் ஒருவர் குவார்ட்டர்ஸ் வாசலில் மனைவிக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். முறுக்குவது, பிரேக் பிடிப்பது எல்லாவற்றையும் பேட்டராகவே விளக்கி முடித்து, "யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்றார் கம்பீரமாக. அந்த அம்மா பதில் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிட்டார்.