குழந்தையின் கையில் மாஸ்டோசைட்டோமா: அறுத்து எடுக்க வேண்டுமா?

கேள்வி:
எங்கள் பெண் குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிறது. பிறந்த சில வாரங்களிலேயே இடது முன்கையில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் சற்று மேடான ஒரு தடிப்பு தோன்றியது; மச்சம் என்றே வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். ஆனால் குளிப்பாட்டித் துடைக்கும்போதெல்லாம் அந்த இடம் மட்டும் சிவந்து வீங்குகிறது. சென்ற வாரம் அதன்மேல் நீர்க்கொப்புளமும் எழுந்தது. தோல் மருத்துவர் தடிப்பை மெல்லத் தேய்த்துப் பார்த்துவிட்டு, இது மாஸ்டோசைட்டோமா, தானே மறையும் என்றார். சதைப் பரிசோதனை செய்யாமல் இப்படி உறுதியாகச் சொல்ல முடியுமா? அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்று மனம் அடித்துக்கொள்கிறது.

பதில் (தோல் மருத்துவர்):
அவர் தேய்த்துப் பார்த்ததே முக்கியமான பரிசோதனைதான், அம்மா. அந்தத் தடிப்பில் மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையில் பங்கு வகிக்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) குவிந்திருக்கின்றன; உரசல் பட்டதும் அவை ஹிஸ்டமின் என்ற, வீக்கமும் அரிப்பும் உண்டாக்கும் வேதிப்பொருளை வெளியிடுவதால் சில நிமிடங்களில் தோல் சிவந்து தடிக்கிறது. இதை டேரியர் அறிகுறி என்கிறோம். பார்வைக்கு ஏறக்குறைய இதைப்போலவே இருக்கும் ஜுவனைல் சாந்தோகிரானுலோமா என்ற தீங்கற்ற தோல் கட்டி, தேய்த்தால் இப்படி வீங்காது. ஐயம் இருந்தால் மட்டுமே சிறு துண்டு எடுத்துச் சோதிப்போம். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பருவ வயதுக்குள் இது மங்கி மறைந்துவிடுவதால், நிரந்தரத் தழும்பை ஏற்படுத்தும் அறுவை சிகிச்சை அரிதாகவே தேவைப்படுகிறது. அரிப்புக்கு செட்டிரிசின் சொட்டு மருந்தும், அடிக்கடி கொப்புளம் எழுந்தால் ஸ்டீராய்டு களிம்பும் மருத்துவர் அளவு சொல்லித் தருவார். வீட்டில் யாரும் சோதனைக்காகத் தேய்த்துப் பார்க்க வேண்டாம். முகமும் உடலும் திடீரெனச் சிவப்பது, வாந்தி, மூச்சிரைப்பு, துவண்டுபோதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புதிய தடிப்புகள் பல தோன்றினால் இரத்தத்தில் டிரிப்டேஸ் (மாஸ்ட் செல்கள் வெளியிடும் ஒரு நொதி) அளவைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பதில் (ஒரு தந்தை):
சகோதரி, என் மகனுக்கு இடுப்பில் இருந்தது. கால்சட்டையின் எலாஸ்டிக் உரசாத உடைகளுக்கு மாறினோம். வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தோம். அதிலேயே கொப்புளம் வெகுவாகக் குறைந்தது. அவனுக்குக் குடலிறக்க அறுவை நடப்பதற்கு முன் மயக்க மருந்து நிபுணரிடம் இதை முன்கூட்டியே சொன்னோம். ஐபுப்ரோஃபென், கோடீன் போன்ற சில மருந்துகள் மாஸ்ட் செல்களைத் தூண்டக்கூடும் என்று அவர்தான் விளக்கினார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்த மாதம் தடுப்பூசி போட வேண்டியிருக்கிறது; தள்ளிப்போடலாமா?

பதில் (தோல் மருத்துவர்):
தள்ளிப்போட வேண்டாம். ஊசியைத் தடிப்பு இல்லாத இடத்தில் போடச் சொல்லி, சிறிது நேரம் அங்கேயே இருந்து குழந்தையைக் கவனித்துவிட்டு வாருங்கள்.